டேப் போதுமா, லேப்டாப்பே வாங்கணுமா? எந்த மாடல், எத்தனை வருஷம் வரும்? - முழு விளக்கம்

காலேஜ் திறக்கும் நேரம், தீபாவளி ஆஃபர் நேரம் என வருஷத்துக்கு இரண்டு முறையாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பிள்ளைக்கு டேப் போதுமா? இல்லை, கொஞ்சம் கூடப் போட்டு லேப்டாப்பே வாங்கிடலாமா? டேப் என்றால் எந்த டேப்?

15 ஆயிரமோ 35 ஆயிரமோ, மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. தப்பான மாடலை வாங்கினால் இஎம்ஐ முடிந்த கொஞ்ச நாளிலேயே டேப் திணற ஆரம்பித்துவிடும். ஆனால் கடைக்குப் போனதும் பேச்சு பிராண்டு, கேமரா, கலர் என்றுதான் போகிறது. உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதில் என்ன வேலை நடக்கப் போகிறது? இதற்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும்?

இதே கேள்வியைத் தமிழ்நாடு அரசும் சந்தித்தது. அது எடுத்த முடிவில் வீடுகளுக்கும் பாடம் இருக்கிறது.

டேப்பா, லேப்டாப்பா? அரசு என்ன செய்தது?

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், அடுத்த 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். இதற்காக ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. கைக்கணினி என்பது நாம் சொல்லும் டேப்தான்.

அறிவிப்பில் இரண்டும் இருந்தன. மாணவர்கள் கைக்கு வந்தது லேப்டாப். 2026 ஜனவரி 5 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில், முதல் கட்டமாக 10 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று அறிவிக்கப்பட்டது. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இதுதான் அதன் அடிப்படை அமைப்பு.

ஒதுக்கிய ரூ.2,000 கோடியை 10 லட்சம் பேருக்குப் பிரித்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 20 ஆயிரம் ரூபாய். லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் அரசுக்குக் கிடைக்கும் விலை கடையில் ஒன்று வாங்கும் நமக்குக் கிடைக்காது. ஆனால் அதே 20 ஆயிரத்துக்குக் கடையில் ஓரளவு நல்ல டேப் கிடைக்கும். அதனால்தான் பல வீடுகளில் இந்தக் குழப்பமே வருகிறது.

இதே அரசு 2024இல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்தான் கொடுத்தது. கிட்டத்தட்ட 80 ஆயிரம் டேப். வகுப்பறையில் படம், வீடியோ காட்டுவது, மாணவர்களின் மதிப்பீட்டைப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கு லேப்டாப் தேவையில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தால் போதும். ப்ராஜெக்ட், கோடிங், ரிப்போர்ட் என்று உட்கார்ந்து வேலை செய்யும் காலேஜ் மாணவருக்கு லேப்டாப். வேலைக்கு ஏற்ற சாதனம், அவ்வளவுதான்.

2011இல் நடந்தது என்ன?

இந்தக் கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. விலையில்லா லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் திருவள்ளூரில் இறங்கினால் பக்கம்தான். அந்தத் திட்டத்தில் பின்னாளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன.

காக்களூர் விழா முடிந்து சரியாக 20 நாளில், 2011 அக்டோபர் 5 அன்று, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்பை வெளியிட்டார். உலகத்திலேயே விலை குறைந்த டேப் என்று அப்போது உலக ஊடகங்கள் எல்லாம் எழுதின. 7 இன்ச் திரை, 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர். திரையை லேசாகத் தொட்டால் வேலை செய்யாது, அழுத்த வேண்டும். பேட்டரியும் சில மணி நேரமே தாக்குப்பிடித்தது. அடுத்த ஆண்டே 'ஆகாஷ் 2' வந்தது. ஆனாலும் கோடிக்கணக்கான மாணவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற கனவு நிறைவேறாமல் திட்டம் மங்கிப்போனது.

ஆகாஷ் தோற்றதற்கு டேப் என்பது காரணம் இல்லை. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் எது வருமோ அதை உள்ளே வைத்ததுதான் சிக்கல். 'பத்தாயிரத்துக்குள்ள ஒரு டேப் காட்டுங்க' என்று கடையில் கேட்கும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

யாருக்கு டேப், யாருக்கு லேப்டாப்?

பி.காம், கணக்குப் படிப்பு: டேலி பிரைம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவி ஓட்டும் மென்பொருள். டேப்பில் அதைப் போட்டுப் பழக முடியாது. எக்செலும் டேப்பில் திறக்கும்தான், ஆனால் லேப்டாப்பில் இருக்கும் எல்லா வசதியும் டேப் செயலியில் இல்லை. இவர்களுக்கு லேப்டாப்.

இன்ஜினியரிங்: முழு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்றவை ஐபேடிலும் ஓடாது, ஆண்ட்ராய்டு டேப்பிலும் ஓடாது. முதல் வருஷம் நோட்ஸ் எடுக்க டேப் வசதியாக இருக்கும். இரண்டாம் வருஷம் லேப் வேலை கூடும்போது லேப்டாப் கேட்கும். ஒரே ஒரு சாதனம்தான் வாங்க முடியும் என்றால் முதலிலேயே லேப்டாப் வாங்குவது நல்லது.

நீட், ஜேஇஇ பயிற்சி: வீடியோ வகுப்பு பார்க்க, பிடிஎஃப் படிக்க டேப் நன்றாகவே போதும். நீட் தேர்வு ஓஎம்ஆர் தாளில் பேனாவால் எழுதுவது. ஜேஇஇ மெயின் கம்ப்யூட்டரில், மவுஸ் பிடித்து எழுதுவது. அதனால் ஜேஇஇ மாணவர்கள் மாதிரித் தேர்வையாவது கம்ப்யூட்டரில் எழுதிப் பழக வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி: நூற்றுக்கணக்கான பக்க பிடிஎஃப், பழைய வினாத்தாள், நாளிதழ். போன் திரையில் படித்தால் கண் வலிக்கும். 10 அல்லது 11 இன்ச் டேப் இவர்களுக்கு மிகப் பொருத்தம். ரயிலில் நின்றுகொண்டே கூடப் படிக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள்: வீடியோ, வீடியோ கால், பாடச் செயலிகள். இதற்கு 35 ஆயிரம் செலவழிக்கத் தேவையில்லை. விலை குறைந்த டேப்பே போதும். ஆனால் அதிலும் அப்டேட் காலத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எத்தனை வருஷம் அப்டேட்? இதை ஏன் கேட்கணும்?

டேப்புக்கு இரண்டு வகை அப்டேட் வரும். ஒன்று, ஆண்ட்ராய்டு 15, 16 என்று மாறும் பெரிய அப்டேட். இன்னொன்று, ஹேக்கர்கள் நுழையும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட். இரண்டாவது நின்றுவிட்டால் டேப் உடனே நின்றுவிடாது. ஆனால் அதில் பணப் பரிமாற்றம் செய்வது ஆபத்து. நாளடைவில் வங்கிச் செயலி, பாடச் செயலி எல்லாம் 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்று சொல்ல ஆரம்பிக்கும்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இந்த அப்டேட் காலம் நீங்கள் வாங்கிய நாளில் இருந்து தொடங்குவதில்லை. அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளில் இருந்து தொடங்குகிறது.

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். 2023இல் வந்த ஒரு டேப்புக்கு 4 வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று வைத்துக்கொள்வோம். 2026இல் அது பாதி விலைக்கு, 12 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. மிச்சம் இருப்பது 1 வருஷம். அதாவது வருஷத்துக்கு 12 ஆயிரம். பக்கத்திலேயே 21 ஆயிரத்துக்கு ஒரு புது டேப், அதற்கு 6 வருஷம் மிச்சம் இருந்தால் வருஷத்துக்கு 3,500 ரூபாய்தான். ஆஃபரில் மலிவாகத் தெரிந்தது எது, உண்மையில் மலிவு எது என்று இந்த ஒரு வகுத்தல் கணக்கு காட்டிவிடும்.

நிறுவனங்கள் என்ன சொல்கின்றன? 2025 இறுதியில் இந்தியாவுக்கு வந்த கேலக்ஸி டேப் ஏ11 பிளஸ் போன்ற நடுத்தர விலை மாடலுக்கே 7 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக சாம்சங் அறிவித்தது. ஐபேடைப் பொறுத்தவரை கடந்த கால வரலாற்றைப் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் வந்த 7ஆம் தலைமுறை ஐபேட், 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26இல்தான் கழற்றிவிடப்பட்டது. 6 வருஷம் வந்திருக்கிறது. 2020இல் வந்த 8ஆம் தலைமுறை ஐபேட் அந்த அப்டேட்டையும் வாங்கியது.

விலை மலிவான பல ஆண்ட்ராய்டு டேப்களில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலே இருக்காது. பதில் இல்லை என்பதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்கும் புதிய ஸ்மார்ட்போன், டேப்லெட் மாடல்களுக்கு, அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும். உதிரிபாகமும் 7 ஆண்டு கிடைக்க வேண்டும். இந்தியாவில் இப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு சாதனத்தை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் தரும் முறைக்காக அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை தந்தது. ஆனால் அறிக்கை சட்டம் ஆகாது. அதனால் கேட்டு வாங்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான்.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

ரேம்: '8 ஜிபி + 8 ஜிபி' என்று போட்டிருந்தால் முதல் 8 தான் உண்மையான ரேம். இரண்டாவது, ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கும் இடம். அது ரேம் அளவுக்கு வேகமாக வேலை செய்யாது. 5 வருஷம் ஓட்டும் எண்ணம் இருந்தால் உண்மையான ரேம் 6 ஜிபியாவது இருக்கட்டும், 8 இருந்தால் நல்லது. 4 ஜிபி, வீடியோ மட்டும் பார்க்கும் வீட்டுக்கு.

ஸ்டோரேஜ்: 64 ஜிபி என்றால் அதில் கணிசமான பங்கை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மாணவருக்கு 128 ஜிபி குறைந்தபட்சம். ஆண்ட்ராய்டு டேப்களில் மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபேடில் கார்டு போட இடமே கிடையாது.

சிம் வேண்டுமா? சிம் போடும் மாடலுக்குச் சில ஆயிரம் கூடுதல். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ள முடிந்தால் வைஃபை மாடலே போதும். ஆனால் ஒரு விஷயம்: சிம் இல்லாத ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. மேப் பார்த்து ஊர் சுற்றும் வேலைக்கு அது உதவாது.

வீடியோ தரம்: திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், 'வைட்வைன் எல்1' சான்று இல்லாத ஆண்ட்ராய்டு டேப்பில் ஓடிடி தளங்கள் எச்டி தரத்தில் படம் காட்டாது. பெயர் தெரியாத பிராண்டுகளில் இது பெரும்பாலும் இருக்காது.

பிஐஎஸ் முத்திரை: இந்தியாவில் விற்கும் டேப்லெட்டுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பெட்டியில் அந்தப் பதிவு எண் இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

34,900 ரூபாய் 67,700 ஆவது எப்படி?

2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேடின் ஆரம்ப விலை இந்தியாவில் 34,900 ரூபாய். எழுத பென்சில் வேண்டும் என்றால் யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் 7,900 ரூபாய். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டு ஃபோலியோ 24,900 ரூபாய். மூன்றும் சேர்த்தால், அறிமுக விலைப்படி, 67,700 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல லேப்டாப்பே வாங்கலாம்.

ஆண்ட்ராய்டு பக்கமும் இந்தக் கணக்கு உண்டு. 2025 ஜனவரியில் 27,999 ரூபாய்க்கு வந்த ஷாவ்மி பேட் 7க்கு பேனாவும் கீபோர்டும் தனி விலை. சாம்சங்கின் டேப் எஸ்10 எஃப்இ மாடலில் எஸ் பென் பெட்டியிலேயே வரும். டேப் ஏ11 பிளஸில் எஸ் பென் வேலையே செய்யாது. எனவே விலையை ஒப்பிடும்போது டேப்பை மட்டும் ஒப்பிடாமல், பேனா, கீபோர்டு, கவர் எல்லாம் சேர்த்து ஒப்பிட வேண்டும். கீபோர்டு கட்டாயம் வேண்டும் என்று தோன்றினாலே, உங்களுக்குத் தேவை லேப்டாப்தானோ என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

விலை குறையுமா? காத்திருக்கலாமா?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாற்றம் வந்தபோது டிவி, ஏசி வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டேப், லேப்டாப்பில் எந்த மாற்றமும் இல்லை. முன்பும் 18 தான், இப்போதும் 18 தான்.

'லேப்டாப் எல்லாம் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர்லயே செய்றாங்களே, அப்புறம் ஏன் விலை குறையல?' என்று கேட்பவர்கள் உண்டு. டெல் நிறுவனத்துக்கு 2007 முதல் அங்கு ஆலை இருக்கிறது. எச்பியும் சென்னைக்கு அருகே ஃப்ளெக்ஸ் ஆலையில் குரோம்புக் தயாரிக்க 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் ப்ராசசர், மெமரி சிப், திரை போன்ற விலை கூடிய பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வருகின்றன. இங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களைச் சேர்க்கும் வேலை.

அந்த மெமரி சிப்தான் இப்போது தலைவலி. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் தேவை எகிறியதால், 2025 இறுதியில் உலகம் முழுக்க அதன் விலை ஏறியது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான 'க்ரூஷியல்' மெமரி வியாபாரத்தில் இருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில், அடுத்த வருஷம் தானாக விலை குறையும் என்று காத்திருப்பது லாபம் தரும் என்று சொல்ல முடியாது. பண்டிகை ஆஃபர் பக்கத்தில் இருந்தால் காத்திருக்கலாம். ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் தரும் மாணவர் விலையையும் கேட்டுப் பார்க்கலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' நிஜமாவே இலவசமா?

இல்லை. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று 2013லேயே வங்கிகளிடம் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு என்றால் பிராசசிங் கட்டணம் வரும், வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்டில் வரும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு, இஎம்ஐயில் கடைசி வரை கட்டினால் மொத்தம் எவ்வளவு? இரண்டையும் எழுதி வாங்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்ல பழசு இருக்கே, மாத்தணுமா?

ஸ்லோவாக இருக்கிறது என்பதற்காகவே தூக்கிப் போட வேண்டாம். சார்ஜ் நிற்கவில்லை என்றால் முதலில் பேட்டரி மாற்றும் செலவைக் கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது என்றால் பேட்டரி மாற்றி இரண்டு வருஷம் ஓட்டுவது லாபம். அப்டேட் நின்றுவிட்டது என்றால் வங்கிச் செயலிகளை நீக்கிவிட்டு, பாட்டி சீரியல் பார்க்கவும் குழந்தை பாட்டு கேட்கவும் விட்டுவிடலாம்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். அதனால் பழைய லேப்டாப்கள் பலவற்றில் அது முறைப்படி ஏறாது. லினக்ஸ் போட்டால் டைப்பிங், இணையம், பைத்தான் கற்பது போன்ற வேலைகளுக்கு அது உயிர் பெறும். அந்த லேப்டாப்பை டைப்பிங் வேலைக்கு வைத்துக்கொண்டு, படிக்க மட்டும் நடுத்தர விலை டேப் ஒன்று வாங்கினால், புதிதாகப் போடும் பணம் பாதியாகக் குறையும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். ரிச்சி தெருவாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும் மூன்று சோதனை முக்கியம். ஐபேட் என்றால், ரீசெட் செய்த பிறகு பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி கேட்கிறதா என்று கண்முன்னே பாருங்கள். கேட்டால் அது உங்களுக்கு வெறும் கண்ணாடிப் பலகை. சிம் மாடல் என்றால் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தால், அது முடக்கப்பட்ட திருட்டுச் சாதனமா என்று தெரியும். மூன்றாவது, அந்த மாடல் எந்த வருஷம் வந்தது என்று பார்த்து, மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போடுங்கள்.

புதிதோ பழசோ, சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் கடையை விட்டு வெளியே வர வேண்டாம். வாரன்டி தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில்தான் அங்கே ஆதாரம்.

கடைக்குப் போகும் முன்...

படிக்கும் பிள்ளையிடமே கேளுங்கள், அடுத்த 3 வருஷத்தில் எந்தெந்த மென்பொருள் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று. காலேஜ் சீனியர் ஒருவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அதில் ஒன்று விண்டோஸில் மட்டும் ஓடும் என்றால் டேப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லாம் படிப்பது, பார்ப்பது, கையால் நோட்ஸ் எழுதுவது என்றால் டேப் சரியான முடிவு. அப்புறம் மாடல் வந்த வருஷம், அப்டேட் முடியும் வருஷம், பேனாவும் கவரும் சேர்ந்த மொத்த விலை. இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால், கடைக்காரர் எந்த மாடலைக் காட்டினாலும் நின்று நிதானமாக ஒப்பிட முடியும்.